தரங்கம்பாடியில் பிறந்தவளைப் பார்க்க நியூயார்க் போனேன்

அக்டோபர் 15, 2024, செவ்வாய் – எடிசன், நியூ ஜெர்சி

காலையில் ஊரிலிருந்து தங்கை பேசினாள். சென்னையில் விடாத மழையாம், பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டுவிட்டார்களாம். பொறையாரிலும் வானம் கறுத்துக்கொண்டு நிற்கிறதாம். இங்கே அக்டோபர் பிறந்து பாதி மாதம் ஓடிவிட்டது, தரை நனையவில்லை. மகள் வீட்டுக் கொல்லையில் மேப்பிள் இலை கணுக்கால் உயரத்துக்குக் கிடக்கிறது. காலை வைத்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம்.

மகளின் இரண்டாவது பிரசவத்துக்காக வந்து மூன்று மாதம் ஆகிறது. நேற்று சம்பந்தியம்மா வந்து இறங்கினார். "ஒரு வாரம் குழந்தையை நான் பாத்துக்கறேன், நீங்க எங்கயாவது போய்ட்டு வாங்க" என்று அவரே சொன்னார். நயாகராவுக்கு டிக்கெட் போடவா என்று மாப்பிள்ளை கேட்டார். எனக்கு ஒரு படம் பார்த்தால் போதும் என்றேன். சினிமா என்று நினைத்துக்கொண்டார்.

நான் 31 வருடம் வரலாறு சொல்லிக்கொடுத்தவள். வருடா வருடம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைத் தரங்கம்பாடிக் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போவேன். 1620இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் வந்தது, 1706இல் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு கப்பலிறங்கியது, 1845இல் ஆங்கிலேயரிடம் ஊரை விற்றுவிட்டுப் போனது, எல்லாம் மனப்பாடம். ஆனால் அந்தக் கடற்கரையில் பிறந்த ஒரு பெண் குழந்தை பாரிஸுக்குப் போய், ராணிக்குப் படம் வரைந்த ஓவியரின் முன்னால் உட்கார்ந்தது, பிறகு இளவரசி ஆனது, இதெல்லாம் நான் ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு பிள்ளைக்குக்கூட நான் அவளைப் பற்றிச் சொன்னதில்லை. அது மனதில் ஒரு முள்ளாகவே இருக்கிறது.

அவள் பெயர் கேத்தரின் வோர்லே. கல்யாணத்துக்குப் பிறகு மதாம் கிராண்ட். 1783இல் விஜே லெப்ரன் என்ற அந்த ஓவியர் வரைந்த அவளுடைய உருவப்படம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்த வீட்டிலிருந்து ரயிலேறினால் ஒரு மணி நேரம்.

அக்டோபர் 16, புதன் – நியூயார்க்

மாப்பிள்ளை எடிசன் ஸ்டேஷனில் இறக்கிவிட்டார். நான் தனியாகப் போவது இதுதான் முதல் தடவை. மகள் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்திருந்தாள்: பென் ஸ்டேஷனில் இறங்கு, சுரங்க ரயில் மாறு, 86ஆம் தெருவில் ஏறி வா, மேற்கே நட. சுரங்க ரயிலுக்கு 2 டாலர் 90 சென்ட் கொடுத்தேன். ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான். கொடுத்துவிட்டு, நான் நன்றி சொல்வதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இங்கே உதவி செய்கிறவர்கள் அதைப் பெரிதாகக் காட்டிக்கொள்வதில்லை. நான் பார்த்த மட்டும் எல்லாரும் அப்படித்தான்.

மேற்கே நடந்து, ஐந்தாம் அவென்யூவில் திரும்பினேன். கோயில் படித்துறை மாதிரி அகலமான படிகள், மேலே பெரிய தூண்கள். படிகளில் நாலைந்து பேர் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். உள்ளே போகிற ஆள் ஒருவரையும் காணோம். ஏறிப் போய்ப் பார்த்தால் கதவு சாத்தியிருந்தது. புதன்கிழமை விடுமுறையாம். மகள் எழுதிய தாளில் தெரு இருந்தது, ரயில் இருந்தது, கிழமை மட்டும் இல்லை. நானும் பார்த்திருக்க வேண்டும்.

அழுகை வந்துவிட்டது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது. மூன்று மாதமாக ஒரு பச்சைக் குழந்தையோடு ராத்திரி பகல் தெரியாமல் இருந்த உடம்பு, ஏமாற்றத்தைத் தாங்கவில்லை.

பின்பக்கம் சென்ட்ரல் பார்க். குளிர்காற்று காதை அறுத்தது, மப்ளரைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். வண்டிக்காரரிடம் ஒரு பிரெட்ஸல் வாங்கினேன், 5 டாலர். நம் கணக்கில் 420 ரூபாய். முறுக்கிய ரொட்டி, மேலே கல்லுப்பு. ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் ஜில்லென்று இருந்தது. பசிக்கு நன்றாகத்தான் இருந்தது.

ஒரு பெஞ்சில் எண்பது வயதிருக்கும் அம்மாள் நாயோடு உட்கார்ந்திருந்தார். நான் நிற்பதைப் பார்த்துத் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டார். கதவு சாத்தியிருந்ததைச் சொன்னேன். "எந்தப் படம் பார்க்க வந்தீர்கள்?" என்று கேட்டார். எதைப் பார்க்க வந்தீர்கள் என்றுதான் யாரும் கேட்பார்கள், இவர் நேராகப் படத்துக்கே வந்துவிட்டார். சொன்னேன். அவருக்கு அந்தப் படம் தெரிந்திருந்தது. "மேலே பார்த்துக்கொண்டிருப்பாளே, அவள்தானே?" என்று தன் கண்ணை உயர்த்திக் காட்டினார். வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணி வரை திறந்திருக்கும், சாயங்காலத்துக்கு மேல் வாருங்கள், நிம்மதியாகப் பார்க்கலாம் என்றார்.

வீடு திரும்பும்போது முட்டி வீங்கியிருந்தது.

அக்டோபர் 17, வியாழன் – எடிசன்

முட்டிக்குத் தைலம், ஓய்வு. சாயங்காலம் மட்டும் ஓக் ட்ரீ ரோடு வரை காரில் போனோம். தீபாவளிக்கு இன்னும் இரண்டு வாரம், கடை வாசலிலேயே இனிப்புப் பெட்டிகளை அடுக்கிவிட்டார்கள். முருங்கைக்காயை எடுத்து, விலையைப் பார்த்து, திருப்பி வைத்தேன். எங்கள் வீட்டுக் கொல்லையில் அது கீழே விழுந்து கிடக்கும்.

மத்தியானம் பீன்ஸ் நறுக்கும்போது சம்பந்தியம்மா கேட்டார்: "ஒரு படத்துக்கா ரெண்டு தடவ போறீங்க? யாரு அந்தப் பொண்ணு?"

சொன்னேன். அப்பா பிரெஞ்சுக்காரர், வங்காளத்தில் சந்தர்நாகூரில் உத்தியோகம். புதுச்சேரி 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் கையில் விழுந்துவிட்டது. தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் ஊர், சண்டையில் சேராதது. அந்தச் சமயத்தில்தான் இவள் அங்கே பிறக்கிறாள். சண்டைக்கு ஒதுங்கி வந்த குடும்பமாக இருக்கும் என்று நான் நினைக்கிறேன். 1777இல், பதினைந்து வயது வாக்கில், கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர் ஜார்ஜ் கிராண்டுக்குக் கட்டிக்கொடுத்தார்கள்.

"பதினஞ்சா!" என்றார். பிறகு, "எங்க பாட்டிக்குப் பதிமூணு" என்று அவரே சொன்னார்.

அடுத்த வருடம் டிசம்பர் 8ஆம் தேதி ராத்திரி. புருஷன் கல்கத்தாவில் வெளியே விருந்துக்குப் போயிருக்கிறார். பிலிப் பிரான்சிஸ் என்று கவர்னர் ஜெனரலின் ஆலோசனை சபையில் இருந்த பெரிய மனிதர், மூங்கில் ஏணி வைத்து இவள் வீட்டுக்குள் ஏறிவிட்டார். வேலைக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். கிராண்ட் வழக்குப் போட்டார். கல்கத்தா உச்ச நீதிமன்றம் 1779இல் 50,000 சிக்கா ரூபாய் (அந்தக் கால வங்காள வெள்ளி நாணயம்) நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது.

"யாருக்குக் கொடுக்கச் சொன்னது?"

"புருஷனுக்கு."

சம்பந்தியம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "அந்தப் பொண்ணுக்கு?"

அந்தப் பெண்ணுக்கு ஒன்றுமில்லை. கெட்ட பெயர் மட்டும். ஓரிரு வருடத்தில் கப்பலேறி ஐரோப்பா போய்விட்டாள். பாரிஸில் பணக்காரர்களின் ஆதரவில் வாழ்ந்தாள். அதை நான் சுற்றி வளைத்துத்தான் சொன்னேன், அவருக்குப் புரிந்தது. "வேற என்ன பண்ணுவா, யாரு இருக்கா அவளுக்கு" என்றார். வரலாற்றுப் புத்தகம் எழுதியவர்கள் பலருக்கு இந்த ஒரு வரி தோன்றவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி – நியூயார்க்

நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். மூத்த குடிமக்களுக்கு 22 டாலர், ஏறக்குறைய 1,850 ரூபாய். பெரிய படிக்கட்டேறி மேல் மாடி. கூடம் கூடமாகப் போய்க்கொண்டே இருக்கிறது. மாதா, குழந்தை, புனிதர்கள், போர்வீரர்கள். நான் எதையும் நின்று பார்க்கவில்லை. காவலர்களிடம் மூன்று தடவை வழி கேட்டேன். மூன்றாவது ஆள் கையால் காட்டாமல் கூடவே நடந்து வந்தார்.

முதலில் பார்த்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு தூரம் வந்தவள் இதை எழுதத்தான் வேண்டும்.

நீள்வட்டமான படம். 92 சென்டிமீட்டர் உயரம், 72 சென்டிமீட்டர் அகலம். போனில் பார்த்து மனதில் வைத்திருந்ததைவிடச் சின்னது. பவுடர் போட்ட சுருள் முடி, அதில் நீல ரிப்பன், பட்டு கவுன். பட்டின் மேல் வெளிச்சம் விழுந்து மடிப்பு மடிப்பாக இறங்குகிற அழகில் கண் நின்றுவிடுகிறது. கையில் இசைக் குறிப்புத் தாள். ஆனால் கண்கள் நம்மைப் பார்க்கவில்லை. மேலே, எங்கேயோ பார்க்கின்றன. வேளாங்கண்ணிக் கடைகளில் விற்கிற படங்களில் புனிதப் பெண்கள் வானத்தைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. விஜே லெப்ரன் அதை இத்தாலிய ஓவியர்களிடமிருந்துதான் எடுத்தார். குயிதோ ரேனி போன்றவர்கள் வரைந்த புனிதர்கள் இப்படித்தான் பார்ப்பார்கள். அதைக் கொண்டுவந்து ஊர் வாயில் விழுந்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்தது நடிப்பு மாதிரி இருந்தது எனக்கு.

முட்டி கேட்கவில்லை. நடுவில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்தேன்.

திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனைக்கு முப்பது வருடமாகப் போகிறவள் நான். பாட ஆரம்பிக்கிறவர் சுருதியைக் காதில் வாங்கிக்கொண்டு, வாய் திறப்பதற்கு முன்னால் ஒரு கணம் கண்ணை மேலே கொண்டுபோவார். கூட்டத்தைப் பார்க்க மாட்டார். அப்போது அந்த முகத்தில் அவர் மட்டும்தான் இருப்பார். அந்தக் கண்தான் இது. லேசாகத் திறந்த உதடு, கையில் தாள், கவனம் முழுக்க இனி வரப்போகிற ஸ்வரத்தில். நன்றாகப் பாடக்கூடியவள் என்று அவளுக்கு நல்ல பெயர் இருந்தது. ஆக, அவளுக்குத் தெரிந்த ஒன்றைச் செய்யப்போகிற நேரத்தில் அவளைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார் ஓவியர்.

பிறகு அந்த முகத்தைவிட்டு எழுந்துபோக மனம் வரவில்லை.

வரைந்தவரும் பெண் என்பதை நினைத்துக்கொண்டே பார்த்தேன். 1755இல் பாரிஸில் பிறந்தவர். அப்பாவும் ஓவியர். பன்னிரண்டு வயதில் அப்பாவை இழந்துவிட்டு, வரைந்தே சம்பாதித்தவர். 1783 மே 31ஆம் தேதி ராஜாங்க ஓவியக் கழகத்தில் அவரைச் சேர்த்தார்கள். பெண்கள் நாலு பேருக்கு மேல் கூடாது என்று அங்கே ஒரு விதி. அதே நாளில் சேர்ந்த இன்னொரு பெண் லபீய் கியார். அவர் தன் இரண்டு மாணவிகளோடு தன்னையே வரைந்த படமும் இங்கே இருக்கிறது, ஆளுயரத்துக்கு. தூரிகையும் கையுமாக, பின்னால் நிற்கும் பெண்களோடு. ஆசிரியையாக இருந்தவளுக்கு அதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

கழகத்தில் சேர்ந்த அந்த வருடமே விஜே லெப்ரன் கண்காட்சியில் படங்கள் வைத்தார். மதாம் கிராண்ட் அதில் ஒன்று. ராணி மரீ அந்த்வானெத் மெல்லிய மஸ்லின் உடுப்பும் வைக்கோல் தொப்பியுமாக இருக்கும் படம் இன்னொன்று. ராணியை உள்பாவாடையோடு நிறுத்திவிட்டதாக ஊரே கொதித்தது. அந்தப் படத்தை எடுத்துவிட்டு, ராணி பட்டு உடுத்தி, கையில் ரோஜா வைத்திருக்கும் வேறு படத்தை மாட்டினார்கள். ராணியின் படத்தைக் கழற்றினார்கள், எங்கள் ஊர்க்காரி அங்கேயே இருந்தாள். இதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருக்கிறது, மறைக்கவில்லை.

அந்த மாதிரி மஸ்லின் கவுனைப் பார்க்க இங்கேயே இன்னொரு படம் உண்டு. லா ஷாத்ர் சீமாட்டி. 1789இல் விஜே லெப்ரனே வரைந்தது. வெள்ளை மஸ்லின், பெரிய தொப்பி. அழகான படம், குறை சொல்ல ஒன்றுமில்லை. அதே வருடம் அக்டோபரில் புரட்சிக்குப் பயந்து ஓவியர் மகளோடு பாரிஸைவிட்டுக் கிளம்பிவிட்டார். அந்தக் காலத்தில் உசத்தியான மஸ்லின் என்றால் அது வங்காளத்தில் நெய்தது. கேத்தரின் சின்ன வயதில் பார்த்து வளர்ந்த துணி, அவள் பாரிஸ் போனபோது அங்கே சீமாட்டிகளின் பெருமையாக இருந்திருக்கிறது.

நான் ரொம்ப நேரமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் காவலர் பக்கத்தில் வந்தார். எழுந்திருக்கச் சொல்வாரோ என்று பையை எடுத்தேன். "உட்காருங்கள், இன்னும் நிறைய நேரம் இருக்கிறது" என்றார். இந்தப் பெண் பிறந்த ஊருக்கு இரண்டு மைல் தள்ளித்தான் என் வீடு என்று சொன்னேன். அவர் படத்தின் பக்கம் போய்ப் பெயர் அட்டையை முழுக்கப் படித்தார். திரும்பி வந்து, "இத்தனை வருடம் இவள் பக்கத்தில் நின்றிருக்கிறேன், பாரிஸ்காரி என்றே நினைத்தேன்" என்றார். உங்கள் ஊரில் கடல் உண்டா என்று கேட்டார். உண்டு, கோட்டைக்கு நேர் எதிரில் என்றேன். மறுபடியும் போய்ப் படத்தைப் பார்த்தார்.

அவர்தான் சொன்னார், இவளுடைய இன்னொரு படமும் இந்தக் கட்டடத்தில் இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்று. அது பிரான்சுவா ஜெரார் வரைந்தது, 1804 வாக்கில். இரண்டு மீட்டருக்கு மேல் உயரம். இருபது வருடம் கடந்துவிட்டது. பவுடர் இல்லை, கண் மேலே போகவில்லை. நெப்போலியனின் வெளியுறவு அமைச்சர் தலைரானை 1802இல் மணந்து, பிரான்ஸின் பெரிய வீடுகளில் ஒன்றுக்கு எஜமானி ஆகி நிற்கிறாள். தலைரான் முன்பு பிஷப்பாக இருந்தவர். போப் அவருடைய கல்யாணத்துக்கு ஒப்பவில்லை. பதிவுத் திருமணம்தான். 1806இல் நெப்போலியன் அவரை இத்தாலியில் உள்ள பெனவெந்தோவுக்கு இளவரசர் ஆக்க, இவள் இளவரசி.

அந்தப் பெரிய படத்தின் முன்னால் நிற்கும்போது ஒரு பழைய கதை வந்து மனதை வருத்தியது. பாரிஸில் இவளை முட்டாள் என்றே சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். எந்த ஊர் என்று கேட்டதற்கு "நான் இந்தியாவைச் சேர்ந்தவள்" என்றாளாம். பிரெஞ்சில் அந்தச் சொல் காதில் 'வான்கோழி' என்றும் விழும், அங்கே அறிவில்லாத பெண்ணை அப்படித்தான் திட்டுவார்கள். இருநூறு வருடமாக இதை நகைச்சுவை என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள். யோசித்துப் பார்த்தேன். ஊர் கேட்டார்கள், அவள் ஊரைச் சொன்னாள். இதில் முட்டாள்தனம் எங்கே இருக்கிறது? என் பிள்ளைகள் யாராவது பட்டணத்துக் கல்லூரிக்குப் போய் "பொறையார்" என்று சொன்னால் சிரித்தவர்கள் உண்டு. அழுதுகொண்டு வந்து சொல்லியிருக்கிறார்கள்.

தலைரான் பிற்பாடு இவளைத் தள்ளி வைத்துவிட்டார். அவரையும் ஜெரார் வரைந்திருக்கிறார், 1808இல். அந்தப் படமும் இந்த அருங்காட்சியகத்தில்தான். நான் தேடிப் போகவில்லை. கிளம்பும் முன்னால் நீள்வட்டப் படத்துக்கே திரும்பிப் போனேன். ஏழரை மணி. கூடத்தில் நானும் காவலரும் அவளும் மட்டும். அந்தப் பெஞ்சுக்கார அம்மாள் சொன்னது சரிதான்.

வெளியே வந்தால் நல்ல பசி. லெக்சிங்டன் அவென்யூ, 28ஆம் தெருப் பக்கம் நம் சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மசால் தோசை 15 டாலர், காபி தனி. பரிமாறிய பையன் மதுரை. "அம்மா, சாம்பார் இன்னும் கொஞ்சம் ஊத்தவா" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஊற்றினான். மாப்பிள்ளை எடிசன் ஸ்டேஷனில் பத்தரைக்கே வந்து காத்திருந்தார். "படம் எப்படி அத்தை?" என்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

அக்டோபர் 19, சனி – எடிசன்

எழுந்திருக்கும்போது மணி ஒன்பது. இந்த மூன்று மாதத்தில் முதல் தடவை. சம்பந்தியம்மா இட்லி வைத்துவிட்டு, படத்தைக் காட்டச் சொன்னார். போனில் காட்டினேன். விரலால் பெரிதாக்கி, ரொம்ப நேரம் முகத்தையே பார்த்தார். "பாடறாளா?" என்றார். நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

தங்கைக்கும் அனுப்பினேன். உடனே போன் செய்தாள். பின்னால் மழைச் சத்தம் கேட்டது.

"யாரு வீட்டுப் பொண்ணுக்கா இது? லட்சணமா இருக்காளே."

"நம்ம தரங்கம்பாடியிலதாண்டி பொறந்தா."

கோட்டைக்குப் பின்னால் உள்ள தெருவா, ராஜ வீதியா என்று கேட்டாள். எனக்கும் தெரியாது என்றேன். எப்போது என்றாள். இருநூத்தி அறுபது வருஷம் ஆச்சு என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. மழை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"அப்புறம் ஊருக்கு வந்தாளா?"

"இல்லடி. பாரிஸ்லயே அடக்கம் பண்ணிட்டாங்க."

"ஐயோ பாவம்" என்றாள். பிறகு, கொல்லைக் கதவை மழை அடிக்கிறது, சாத்திவிட்டு வருகிறேன் என்று போனை வைத்தாள்.